சடை இறக்கிய நாளில் வெனிங் கேட்டது

அலுத்துவிட்டது. இந்த டியெங் எரிமலை மேட்டில் இவருக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து ஒரே பாட்டுதான். அபாயச் சங்கு ஊதினால் ஓடு, நின்றால் திரும்பி வா. இந்த முறை நெருப்புக் குழம்பும் இல்லை, கல்மாரியும் இல்லை. எரிமலைப் பள்ளத்திலிருந்து வெறும் காற்றுதான் கசிகிறது. நிறம் கிடையாது, வாடை கிடையாது. கனத்த காற்று. தண்ணீர் மாதிரி தாழ்வான இடமாகப் பார்த்து இறங்கி, உருளைக்கிழங்குப் பாத்திகளில் தேங்கி நிற்கும். அதற்குள் முகத்தை வைத்தவன் எழுந்திருக்க மாட்டான்.

எங்கள் கிழங்குக் காடு அந்தப் பள்ளத்துக்கு நேர் கீழே. கயிறு கட்டித் தடுத்துவிட்டார்கள். நாங்கள் எதிர்ச்சரிவில் என் அண்ணன் கஸ்மின் வீட்டில் வந்து கிடக்கிறோம். ஆனால் என் புருஷன் வார்சிதோ தினமும் கருக்கலில் எழுந்து கயிற்றைத் தாண்டிப் போய்விடுவார். அவரை நான் 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவேன். சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

"இடுப்புக்கு மேல காத்து சுத்தம்டி. குனியாம வேலை செஞ்சா ஒண்ணும் ஆகாது."

"கிழங்கு என்ன மரத்துலயா காய்க்குது மாஸ், நின்ன மேனிக்குப் பறிக்க?"

"மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் குனிவேன். போதுமா?"

இங்கே ஒருவன் விழுந்தால் பக்கத்தில் நிற்பவன் குனிந்து தூக்கக் கூடாது. தூக்கப் போனவனும் விழுவான். தூரத்திலிருந்து கயிறு வீசி இழுக்க வேண்டும். அதற்கு ஓர் ஆளாவது கூட இருக்க வேண்டாமா? இந்த மனிதர் தனியாகப் போகிறார். தினமும் அவர் திரும்பி வரும்வரை நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

மலையைக் கண்காணிக்கிற நிலையத்துக்காரர் ஒருநாள் வீடு தேடி வந்தே திட்டினார். "வார்சிதோ ஐயா, இந்த மேடே எரிமலை போட்டதுதான். பல லட்சம் வருஷமா வெடிச்சு, சரிஞ்சு, ஏரியாகி, சேறாகி, மறுபடி வெடிச்சு வந்த மண்ணு. நீங்க ஒரு போகம் கிழங்குக்கு அதுகூட மல்லுக்கு நிக்கிறீங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அங்க கோயில் கட்டுனாங்களே, அவங்களே கல்ல விட்டுட்டுப் போயிட்டாங்க."

"அந்தச் சாம்பல்லதான் சார் கிழங்கு இந்த வெளச்சல் வெளையுது," என்றார் இவர். "கோயில் கட்டுனவங்க போயிட்டாங்க சரி. எங்க போனாங்க? அங்க அவங்களுக்குக் காடு யாரு குடுத்தா?"

அந்த மனிதர் பாவம், தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் இவரோடு சண்டை போடவும் முடியவில்லை. ஏனென்றால் இவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் எங்கள் மகள் வெனிங்குக்குச் சடை இறக்கும் நாள் வந்தது. மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்து அவள் முடி தானாகச் சடை பிடித்துவிட்டது. இந்த மேட்டில் அப்படிச் சில பிள்ளைகள் உண்டு. இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. பிள்ளை தன் வாயால் ஒன்று கேட்க வேண்டும், கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் காய்ச்சலும் சடையும் திரும்பி வரும். சொல்லிக் கொடுத்துக் கேட்க வைத்தாலும் அதே கதிதான். அது மட்டும் இல்லையென்றால், 'அப்பா அந்தக் காட்டுக்குப் போகக் கூடாதுன்னு கேளுடி' என்று நானே அவள் காதைக் கடித்திருப்பேன். நாக்கு நுனிவரை வந்ததை எத்தனை முறை விழுங்கினேன்!

அவள் ரொம்ப நாளாகச் சிவப்பு சைக்கிள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் முகம் கோணாமல் வாங்கி வந்து கூடத்தில் நிறுத்தியிருந்தார். படையலுக்குக் கூம்பாகச் சோறு குவித்து, தெம்பே என்கிற சோயாக் கட்டியைப் பொரித்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். சடை இறக்குகிற பெரியவர் கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"என்ன வேணும் கண்ணு?"

வெனிங் சைக்கிளைப் பார்க்கவே இல்லை.

"அப்பாகூடக் காட்டுக்குப் போகணும். கிழங்கு பொறுக்கணும்."

பெரியவர் கத்தரியைத் தாழ்த்தினார்.

"சைக்கிள் வேணாமாடி?" என்றார் அண்ணன்.

"வேணாம் மாமா. அப்பா நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே போயிடுறாரு. நான் தூங்குனப்புறம் வர்றாரு. எனக்கு அப்பாகூடப் போகணும்."

பெரியவர் மறுபடி கேட்டார். அதே பதில்தான். அண்ணன் வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டார். "என்ன மச்சான், காத்து சுத்தம்னு ஊருக்கே சொன்னீங்களே. புள்ளையக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சொல்லிக் கொடுத்தேனோ என்கிற பார்வை. "என் புள்ள மேல சத்தியமா இல்ல மாஸ்," என்றேன்.

"சரி, போலாம்," என்றார் இவர் கடைசியில். முடி விழுந்தது.

மறுநாள் உச்சி வெயிலில், காற்று நன்றாக அடித்துக் கெட்டதைக் கலைக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்பினார்கள். நானும் கயிற்றுச் சுருளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். யாரை இழுக்க என்று கேட்காதீர்கள். இரண்டு பேரையும் இழுக்க என் உடம்பில் தெம்பு இல்லை என்பது எனக்கே தெரியும்.

ஒட்ட வெட்டிய தலையோடு வெனிங் அப்பா தோளில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். காட்டு வரப்பில் இவர் நின்றார். செடியெல்லாம் பழுத்துச் சாய்ந்து, கிழங்கு தோண்டத் தயாராக இருந்தது. ஒரு பாத்தியில் காக்கை ஒன்று செத்துக் கிடந்தது.

அவளை இறக்கிவிடும் முன் இவர் கொண்டு வந்த தீப்பந்தத்தைக் கொளுத்தி, கெட்ட காற்று எதுவரை நிற்கிறது என்று பார்க்கக் கையை மெல்லத் தாழ்த்தினார். இடுப்புக்குச் சற்றுக் கீழே, அவள் நின்றால் வாய் இருக்கிற உயரத்தில், சுடர் பொசுக்கென்று அணைந்தது. மறுபடி கொளுத்தினார். மறுபடி அணைந்தது. பத்தடி தள்ளிப் போய்ப் பார்த்தார். அங்கேயும் அணைந்தது.

"இறக்கி விடுப்பா. கிழங்கு பொறுக்கணும்."

"முடியாதும்மா."

"ஏன்?"

"கீழ காத்து நல்லால்ல. நல்ல காத்து உன் உயரத்துக்கு எட்டாது."

அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்ப நீ எப்படிப்பா பொறுக்குற?"

இவர் அவள் கால்கள் இரண்டையும் மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு திரும்பி விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். நான் கயிற்றோடு பின்னால் ஓட வேண்டியிருந்தது. தடுப்பைத் தாண்டி ரோடு வந்த பிறகும் அவளை இறக்கிவிடவில்லை.

"உங்க அண்ணன் காட்டுல கிழங்கு எடுக்கக் கூலிக்கு ஆள் வேணுமான்னு கேளு," என்றார் என்னைப் பார்க்காமல். "நீயே கேளு. என் வாயால கேக்க முடியாது. புள்ளையும் கூட வருவாள்னு சொல்லு."

மச்சான் காட்டில் கூலிக்கு நிற்பதைவிடச் சாவது மேல் என்று சொன்ன மனிதர். நான் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து, யார் பார்த்தால் எனக்கென்ன என்று அழுதேன். சந்தோஷம் பாதி, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பாதி.