வெளியே பார்த்தால் தெரியாதவர்

தீபா வாயாடி அல்ல. அதுதான் கொடுமை. வளவளவென்று பேசுகிறவள் உளறியிருந்தால் அவள் குணமே அப்படி என்று விட்டுவிடலாம். அளந்து பேசுகிறவள், ஹனூரில் பஸ் ஏறி மைசூரில் இறங்குவதற்குள் ஒரு பையனின் பிழைப்பைக் கெடுத்தாள். அதுவும் நல்ல மனசோடு கெடுத்தாள்.

மைசூர் விஜயநகரில் மாவு மில்லுக்கு மேலே உள்ள அறையில் ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் கூடும். ‘ஜொதெ’ என்று பெயர். கன்னடத்தில் ‘கூட’ என்று அர்த்தம். டாக்டர் கிடையாது, அட்வைஸ் கிடையாது. கஞ்சாவிலும் குடியிலும் மனச்சோர்விலும் மாட்டி மீண்டவர்கள், இன்னும் மாட்டிக்கொண்டிருக்கும் இளவட்டங்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். டாக்டரிடம் போகப் பயப்படுகிறவனுக்குத் துணைக்குப் போவார்கள். தீபாவும் அப்படி மீண்டவள்தான். காலேஜ் நாட்களில் தூக்க மாத்திரை இல்லாமல் அவளுக்குப் பொழுது போனதில்லை. ஹனூரில் உரக்கடை வைத்திருக்கும் அவள் அப்பா ஆறுமுகசாமிக்கு இன்றுவரை இது தெரியாது. மகள் மைசூரில் பேங்க் வேலையில் இருக்கிறாள் என்ற பெருமையோடு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கிறார்.

ஜொதெயில் ஒரு விதி உண்டு. உயிருக்கு ஆபத்து என்றாலொழிய, அங்கே கேட்டது படி இறங்கக்கூடாது. வெளியே எதிரெதிரே பார்த்துக்கொண்டாலும், மற்றவர் முதலில் பேசாதவரை தெரியாதவர்போலப் போய்விட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது தீபாவின் வேலை. சிவகுமாருக்கும் அவள்தான் சொன்னாள்.

சிவகுமார் ராமாபுரத்துப் பையன். பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். பரீட்சை ஹாலில் நெஞ்சு படபடத்து வேர்த்துக் கொட்டியதற்கு ஒரு சிநேகிதன் சொன்ன வைத்தியம் கஞ்சா. எல்லோரும் கன்னடத்தில் பேசிய அந்த அறையில் முதலில் அவன் வாயே திறக்கவில்லை. தீபா ஊர்ப்பேச்சில், “சாப்டியா கண்ணு?” என்று கேட்டதும் பொலபொலவென்று அழுதுவிட்டான். அப்புறம் அவள் துணைக்கு வர, டாக்டரைப் பார்த்து மெல்லத் தேறினான். நடுவில் ஒருமுறை வழுக்கி மறுபடி புகைத்தான். அதையும் அவனே வந்து சொன்னான்.

“ஊட்டுல நானே சொல்லிக்கறனுங்க்கா,” என்றான் ஒருநாள். “பரீட்சை முடியட்டும். டிப்ளமாவக் கையில வெச்சுக்கிட்டுச் சொன்னா அப்பா அடிக்க மாட்டாரு.”

“நீயே சொல்லு. அதுதான் நல்லது,” என்றாள் தீபா.

இப்படிச் சொன்னவள்தான், மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போய்விட்டு மைசூருக்குத் திரும்பிய பஸ்ஸில் வாயை விட்டாள். பக்கத்தில் ஒரு அம்மாள் மடியில் பலகாரத் தூக்குப்போசியோடு வந்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு, பக்கத்தில் இருப்பவள் யார் வீட்டுப் பெண் என்று தெரியாமல் பயணம் செரிக்காது.

“எந்தூரு அம்மிணி? யாரு மவ?”

“ஹனூருங்க. உரக்கடை ஆறுமுகசாமி மகளுங்க.”

“அட, நம்ம பங்காளி ஊட்டுப் புள்ளையா! நான் ராமாபுரம் மல்லப்பன் சம்சாரம், கமலம்மா. உனக்குச் சின்னம்மா ஆகோணும்.”

சிவகுமாரின் அம்மா என்று தீபாவுக்கு உடனே புரிந்துவிட்டது; அப்பா பெயரை அவன் சொல்லியிருக்கிறான். தூங்குவதுபோலக் கண்ணை மூடியிருக்கலாம். பையில் இயர்போன் இருந்தது, அதையாவது மாட்டியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. உறவு என்று ஆகிவிட்டபின் முகத்தைத் திருப்பிக்கொள்வது எப்படி?

கொள்ளேகால் தாண்டியதும் கமலம்மாள் அழ ஆரம்பித்தாள். “எம்மவன் மைசூருலதான் படிக்கறான். நோம்பிக்குக்கூட வரல. போன் பண்ணா ‘ம்’ங்கறான், வெச்சர்றான். என்ன ஆச்சோ, ஏதாச்சோன்னு எனக்குத் தூக்கமே இல்ல கண்ணு. நல்லா இருக்கான்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

தீபாவுக்கு மனசு கேட்கவில்லை.

“சிவா நல்லாத்தான் இருக்கானுங்க சின்னம்மா. முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலைங்க.”

கமலம்மாள் கண்ணைத் துடைத்த முந்தானையைக் கீழே இறக்கினாள். “நான் அவன் பேரே சொல்லலியே. அதென்ன, முன்னைக்கு? முன்ன என்ன?”

தீபா பேச்சை மாற்றிப் பார்த்தாள். பெற்றவளிடம் எத்தனை நேரம் மழுப்ப முடியும்? நரசிபுரம் வருவதற்குள் கஞ்சா, டாக்டர், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வெளியே வந்துவிட்டன. கமலம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீ அங்க டீச்சரா கண்ணு?” என்றாள்.

இல்லைங்க, நானும் அவனைப்போல இருந்தவள்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் முகமும் பார்த்துக்கொண்டிருக்கிற மாப்பிள்ளை வீடும் நினைவுக்கு வந்தன. “ஆமாங்க,” என்றாள். அவன் முடிச்சை அவிழ்த்துக் கொட்டியவள் தன் முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று கமலம்மாள் மாரியம்மன்மேல் சத்தியம் செய்தாள். செய்தபோது உண்மையாகத்தான் செய்தாள். மகனின் அறைக்குப் போய் அவன் முகத்தைப் பார்த்ததும் சத்தியம் எங்கே நிற்கும்? அன்று சாயங்காலமே ராமாபுரத்துக்குப் போன் போய்விட்டது. மறுநாள் மத்தியானம், சிவகுமாரோடு அறையில் தங்கியிருந்த யதுநந்தன் தீபாவைக் கூப்பிட்டான். அவனும் ஜொதெக்கு வருகிறவன். சிவகுமாரின் அப்பா வந்து அறையைக் காலி செய்துவிட்டார், பரீட்சைகூட எழுத வேண்டாம் என்கிறார், பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்றான்.

தீபா பேங்க்கிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடினாள். கமலம்மாள் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “உன்னாலதான் எம்மவன் எனக்குக் கெடச்சான் கண்ணு,” என்றாள். பெட்டிமேல் உட்கார்ந்திருந்த சிவகுமார் தலையைத் தூக்கவில்லை.

“சித்தப்பா, பரீட்சை மட்டும் எழுதட்டுங்க,” என்று தீபா மல்லப்பனிடம் கெஞ்சினாள். “அவன் தேறி வர்றானுங்க. இப்பப் போய்ப் பாதியில...”

“படிச்சுக் கிழிச்சது போதும். காட்டு வேலையப் பாக்கட்டும்,” என்றார் மல்லப்பன். அப்புறம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீ ஆறுமுகசாமி மவதானே? பேங்க்குல வேலைன்னு உங்கப்பன் சொன்னான். உங்க சின்னம்மா டீச்சருங்கறா. அந்தக் கூட்டத்துல உனக்கென்ன சோலி? நீயும் இவனாட்டப் பழகுனவளா?”

தீபா கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். மல்லப்பன் மகன் பக்கம் திரும்பினார். “டேய், நீ சொல்றா. இவ யாரு?”

சிவகுமாருக்கு அவள் கதை முழுக்கத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர்கள் ஊர் போய்ச் சேருமுன் ஹனூர் உரக்கடைக்குச் செய்தி போய்விடும். அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“எனக்கு இவங்களத் தெரியாதுங்கப்பா,” என்றான். “இப்பத்தான் பாக்கறேன்.”

அவள் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னான். அப்போதாவது அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆமாங்க சித்தப்பா, நானும் அதில் கிடந்தவள்தான், இப்போது என்னைப் பாருங்கள், இவனும் இப்படி ஆவான். ஞாயிறுதோறும் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்கிற பேச்சுதான். அதைக் கேட்டு மல்லப்பன் மனம் இறங்கியிருக்கலாம், இறங்காமலும் போயிருக்கலாம். அவள் சொல்லவில்லை. பேசக்கூடாத இடத்தில் பேசிவிட்டு, பேச வேண்டிய இடத்தில் ஊமையாக நின்றாள்.

பஸ் வந்தது. கமலம்மாள் தூக்குப்போசியை அவள் கையில் திணித்தாள். “அவனுக்குன்னு சுட்ட கச்சாயம். தொடவே மாட்டேங்கறான். நீயாச்சும் தின்னு கண்ணு.”

தீபா போசியோடு, சிவகுமார் ஏறி உட்கார்ந்த ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். “சிவா,” என்று கூப்பிட்டாள். அவன் காதில் விழுந்தது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.