இருபத்திரண்டு பாகை

வீட்டு ஏஜென்ட் துஷாந்தன் ஹோலுக்குள் வந்து நின்று வாயைத் திறந்தபோது முதலில் வெளியே வந்தது பேச்சல்ல, ஆவி. ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்து மணி. லண்டன் ஹவுன்ஸ்லோவின் மற்ற வீடுகளில் சனங்கள் பெனியனோடு உலாவிக்கொண்டிருக்கும் நேரம். இந்த வீட்டிலோ கமலாம்பிகை இரண்டு கார்டிகன்களுக்கு மேலே ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு சோபாவின் ஓரத்தில் ஒடுங்கியிருந்தாள். அவளுடைய கணவர் இராஜேந்திரன் கம்பளித் தொப்பியும் ஜம்பருமாக, விற்கப்போகும் வீட்டை மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைக் காட்டுகிறவரைப் போலக் காட்டிக்கொண்டிருந்தார். துஷாந்தன் கோட்டைக் கழற்றவேயில்லை. அறை அறையாகப் போய்ப் படம் எடுத்து முடித்துவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தான்.

"அங்கிள், வீடு நல்ல வடிவு. ஆனா ஃப்ரிட்ஜுக்குள்ள நிக்கிற மாதிரிக் கிடக்கு. வாற ஆக்கள் டாம்ப், ஈரம் பிடிச்ச வீடு எண்டு நினைச்சு ஓடிடுவினம். ஆக்கள் வீடு பாக்க வாற வியூவிங்குக்கு ஒரு மணித்தியாலம் முதல் ஹீட்டிங்கை இருபத்திரண்டில போட்டு விடுங்கோ."

"இருபத்திரண்டிலயோ?"

"ஓம் அங்கிள். வீடு சூடா இருந்தா ஒரு பத்தாயிரமாவது கூடக் கேக்கலாம்."

பத்தாயிரம் என்ற சொல்லை மட்டும் அவன் சொல்லாமல் விட்டிருந்தால் அன்றைக்கே அவனை வாசலோடு அனுப்பியிருப்பார்.

இராஜேந்திரனைக் கஞ்சன் என்று யாராவது சொன்னால் கமலாம்பிகைக்குக் கோபம் வரும். கோயில் திருவிழாவுக்கும் ஊரில் யாரோ ஒருவரின் சத்திர சிகிச்சைக்கும் கேட்ட உடனே அள்ளிக் கொடுக்கிற கை அது. வீட்டைச் சூடாக்கும் காஸ் ஒன்றில் மட்டும்தான் அவருக்கு மனம் வராது. லண்டனுக்கு வந்த புதிதில் இருவரும் சவுத்தாலில் ஒரு அறையில் இருந்தார்கள். சுவரிலிருந்த பெட்டிக்குள் காசு போட்டால்தான் அங்கே காஸ் வரும். காசு தீர்ந்ததும் அடுப்பு 'டப்' என்று நிற்கும். அந்தச் சத்தம் அவருடைய நெஞ்சுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. பிறகு ஹீத்ரோ விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் இரவும் பகலும் வேலை செய்து இந்த வீட்டை வாங்கினார். காசு போடும் பெட்டி போய்விட்டது, பயம் மட்டும் தளபாடங்களோடு சேர்ந்து குடிவந்தது. ஹீட்டிங் காலையில் அரை மணித்தியாலம், மாலையில் அரை மணித்தியாலம், பதினாறு பாகை. அதுவும் நவம்பர் பாதிக்குப் பிறகுதான். முப்பத்தொரு வருடமாக இதுதான் வீட்டுச் சட்டம். மகள் விதுஷா கையுறை போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் செய்து வளர்ந்தாள். இப்போது ரெடிங்கில் தன் வீட்டை இருபத்துமூன்றில் வைத்திருக்கிறாள். அங்கே போனால் இராஜேந்திரன் பெனியனோடு உட்கார்ந்து, "இதென்ன வீடோ பேக்கரியோ?" என்று கேட்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் கமலாம்பிகையின் முழங்கால்கள் மக்கர் பண்ணத் தொடங்கின. படியேற ஏலாது, இருந்தால் எழும்ப ஏலாது. டொக்டர் பார்த்துவிட்டு, குளிர் இந்த மூட்டுகளுக்குக் கூடாது, எப்போதும் சூடாக இருங்கள் என்றார். பக்கத்தில் இருந்த இராஜேந்திரன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கொம்பியூட்டரைத் திறந்து, சூடான நாடுகள் எவையெவை என்று தேடத் தொடங்கினார். குசினி அலுமாரிக்குள் வீட்டைச் சூடாக்கவென்றே பொய்லர் என்று ஒன்று இருக்கிறதே என்ற எண்ணம் அந்த மனிதருக்கு வரவேயில்லை. சத்தியமாக வரவில்லை.

யாழ்ப்பாணம் முதல் சுற்றிலேயே விழுந்தது. அங்கே போய்க் குடியிருந்தால் வருடா வருடம் பிரித்தானியப் பென்சனைக் கூட்ட மாட்டார்கள். சைப்பிரஸ் என்றால் கூட்டுவார்கள். மருந்துக்கு எந்தப் படிவம், வரி எங்கே கட்டுவது, இரண்டு பேரில் ஒருவர் முந்திப் போய்விட்டால் மற்றவருக்கு என்ன கிடைக்கும், எல்லாவற்றையும் படித்துப் பிரதி எடுத்து ஃபைலில் போட்டார். ஒக்டோபரில் சிநேகிதர் கொட்வினைக் கூட்டிக்கொண்டு நான்கு நாள் போய், சைப்பிரஸின் பாஃபோஸில் மூன்றாம் மாடி அபார்ட்மென்ட் ஒன்றுக்கு ஆறாயிரம் யூரோ முற்பணமும் கட்டிவிட்டு, வெயிலில் மூக்கு உரிந்து வந்து சேர்ந்தார். மார்ச் முடிவதற்குள் ஹவுன்ஸ்லோ வீட்டுக்கு ஆள் அமையாவிட்டால் அந்த ஆறாயிரமும் போய்விடும்.

"கோயில் இருக்கோ?" என்று மட்டும் கமலாம்பிகை கேட்டாள்.

"ஐஞ்சாறு இருக்கு."

"பிள்ளையாரோ முருகனோ?"

"கிரேக்கன்ரை கோயிலுகள். ஆனா நல்ல வடிவு."

அவளுக்குப் போக விருப்பமில்லை. இந்த ஊரின் பஸ்களையும் கடைகளையும் ஆஸ்பத்திரி வாசல்களையும் ஒவ்வொன்றாகப் பழகி முடிக்க அவளுக்கு முப்பது வருடம் எடுத்தது. அறுபத்தேழு வயதில் இன்னொரு புது ஊரை முதலிலிருந்து தொடங்க அவளால் முடியாது. ஆனால் எப்படிச் சொல்வது? கோயில் ஐயரிலிருந்து தபால்காரன் வரைக்கும், "எல்லாம் இவவின்ர முழங்காலுக்காகத்தான்" என்று அவர் சொல்லி முடித்திருந்தார். பெண்டாட்டியின் முழங்காலுக்காக ஒரு மனுசன் வீட்டையே விற்கிறான். அவனிடம் போய் எனக்கு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

முதல் வியூவிங் அன்று காலை ஒன்பது மணிக்கு இராஜேந்திரன் இருபத்திரண்டைப் போட்டார். ரேடியேட்டர்கள் டிக் டிக் என்று சத்தமிட்டன. ஒன்பதரைக்குக் கமலாம்பிகை சால்வையை எடுத்தாள். ஒன்பதேமுக்காலுக்கு ஒரு கார்டிகன் போனது, பத்துக்கு மற்றதும் போனது. குளியலறைக்குப் போனால் அங்கே ஒரு அதிசயம். எந்தக் குளிர்காலத்திலும் வெள்ளைக் கல்லாக இறுகிக் கிடக்கிற தேங்காயெண்ணெய்ப் போத்தல் தண்ணீராகத் தெளிந்து நின்றது. கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றித் தலையில் வைத்துக்கொண்டு கீழே வந்தபோதுதான் தான் கைபிடியைப் பிடிக்காமல் படி இறங்கியது அவளுக்கு உறைத்தது. சந்தேகம் தீரத் திரும்பவும் ஏறி இறங்கிப் பார்த்தாள். முழங்கால்கள் சும்மா இருந்தன. வந்தவர்கள் பன்னிரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போனார்கள். வாசல் கேற் மூடுகிற சத்தம் கேட்டதும் இராஜேந்திரன் ஹீட்டிங்கை நிறுத்தினார். பின்னேரம் கமலாம்பிகை பழையபடி சோபாவைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

சூடு வேண்டுமென்றால் வீடு பார்க்க ஆள் வேண்டும். அன்றைக்கே அவளுக்கு இது விளங்கிவிட்டது. அடுத்த நாள் தானே துஷாந்தனுக்குப் போன் போட்டாள். "தம்பி, இன்னும் ஆக்களை அனுப்பும். காலமை ஒராள், பின்னேரம் ஒராள் வந்தாலும் எனக்குக் கரைச்சலில்லை." காலையில் ஒருவர், பின்னேரம் ஒருவர் என்றால் இடையில் ஹீட்டிங்கை நிறுத்தித் திரும்பப் போடுவது நட்டம் என்று கணவருக்கும் விளக்கினாள். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார். வந்தவர்கள் வாங்கிவிடக் கூடாதே, அதனால் மேல்மாடிக்கு அவளே கூட்டிக்கொண்டு போனாள். "காலமை நாலரைக்கே முதல் பிளேன் தலைக்கு மேலால போகும். பழகிடும். எங்களுக்கு இருபது வருசம் எடுத்தது." அதற்கும் அசையாதவர்களிடம், பக்கத்து வீட்டுப் பெடியன் ட்ரம்ஸ் பழகுகிறான் என்றாள். பக்கத்து வீட்டில் இருந்தது எண்பத்திரண்டு வயதுப் பஞ்சாபிக் கிழவி. அந்த அம்மா ட்ரம்ஸைத் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பாரா தெரியாது.

மூன்று கிழமையில் பதினொரு வியூவிங். ஒருவரும் விலை சொல்லவில்லை. துஷாந்தன் தலையைச் சொறிந்தான். இராஜேந்திரன் காஸ் மீட்டரின் சின்னத் திரையைக் கையில் வைத்துக்கொண்டு, நாடித் துடிப்புப் பார்க்கிறவரைப் போல வீட்டுக்குள் நடந்தார். அவரைப் பார்க்கக் கமலாம்பிகைக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வெறும் ஒரு பருத்திச் சட்டையோடு குசினியில் நின்று வெங்காயம் வெட்டுகிறபோது அந்தப் பாவம் எங்கேயோ பறந்துவிடும். முப்பத்தொரு வருடம் குடியிருந்த வீடு அவளுக்கு இப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

பன்னிரண்டாவதாக வந்தவர்கள் டெனுசனும் சுவர்ணாவும். எட்டு மாதக் குழந்தையோடு ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். சுவரெல்லாம் பூஞ்சணம், பிள்ளைக்கு ஓயாத இருமல். ஹோலுக்குள் வந்ததும் சுவர்ணா பிள்ளையின் கோட்டைக் கழற்றினாள், தொப்பியைக் கழற்றினாள், உள்ளே போட்டிருந்த இரண்டு ஜம்பர்களையும் கழற்றி அவனைக் கம்பளத்தில் விட்டாள். அவன் இரண்டு தரம் உருண்டான். பிறகு வாயைத் திறந்தபடி அப்படியே நித்திரையாகிவிட்டான்.

"அன்ரி, இவன் வேற ஒரு இடத்திலயும் இப்பிடிப் படுத்ததில்லை" என்றாள் சுவர்ணா. அவளுடைய கண் கலங்கியிருந்தது.

ட்ரம்ஸ் கமலாம்பிகையின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது டெனுசன், "அங்கிள், காஸ் பில் எவ்வளவு வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று முப்பத்தொரு வருடமாகக் காத்திருந்த இராஜேந்திரன் பாய்ந்து போய் ஃபைலை எடுத்து வந்தார். போன வருடம் மாதத்துக்கு இருபத்தெட்டுப் பவுண். டெனுசன் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்தச் சூட்டுக்கு இருபத்தெட்டோ? நாங்கள் அந்த ஒரு அறைக்கே நூற்றிருபது கட்டுறம்!" எழுந்து போய்ச் சுவரைத் தட்டினான், யன்னல் ஓரத்தைத் தடவினான். "நல்ல இன்சுலேஷன், சூடு வெளியால போகாது" என்று மனைவிக்குச் சொன்னான். இருவரும் மூலையில் நின்று குசுகுசுத்தார்கள். துஷாந்தன் எப்போது பேசாமல் இருக்கவேண்டும் என்று தெரிந்தவன். வெளியே நின்ற மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள், கேட்ட விலைக்கு மேல எட்டாயிரம் தாறம். வேற ஒருத்தருக்கும் காட்டவேண்டாம்" என்றான் டெனுசன்.

இராஜேந்திரனின் முகத்தில் சைப்பிரஸ் வெயில் அடித்தது. அவர் பொய் சொல்லவில்லை. வீடு சூடாக இருந்தது உண்மை. பில் இருபத்தெட்டு என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் ஒன்றோடொன்று ஒரு சம்பந்தமும் இல்லை என்பது அந்தச் சந்தோசத்தில் அவருக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

கமலாம்பிகைக்குப் பட்டது. தட்டை ஏந்தியபடி நின்றாள். இன்னும் ஒரு நிமிடம் பேசாமல் நின்றால் வீடு போய்விடும், கோடைக்குள் அவள் பாஃபோஸில் மூன்றாம் மாடியில் இருப்பாள். அதுகூடப் பரவாயில்லை. இந்தப் பெட்டை சுவர்ணா முதல் குளிரில் இருபத்திரண்டைப் போடுவாள், பில் வரும், பயந்துபோய் நிறுத்துவாள். பிள்ளைக்குத் தொப்பி திரும்ப ஏறும். அவள் தட்டை மேசையில் வைத்தாள்.

"பிள்ளை, அந்த பில் எங்கட குளிருக்கு வந்த பில். இந்தச் சூடு வீடு பாக்க வாற ஆக்களுக்கு. எங்களுக்குப் போடுறேல்லை."

கம்பளத்தில் பிள்ளை மெல்லக் குறட்டை விட்டது. கமலாம்பிகையின் குரல் உயர்ந்தது. அது கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"மூண்டு கிழமையா ஆக்கள் வாற நாளெல்லாம் நான் கைபிடிக்காமல் படி ஏறுறன். டொக்டர் என்னைச் சூடா இருக்கத்தான் சொன்னவர். சைப்பிரசுக்குப் போகச் சொல்லேல்லை."

இராஜேந்திரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எனக்காக வீட்டையே விக்கிறியள். அதுக்கு மேல காஸும் கேக்கிறதோ?"

டெனுசன் தாள்களை அடுக்கி ஃபைலுக்குள் வைத்தான். "நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம், அங்கிள்" என்றான். சுவர்ணா நித்திரையிலிருந்த பிள்ளைக்கு ஜம்பர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினாள். போகிறபோது கமலாம்பிகையின் கையை இரண்டு கைகளாலும் பிடித்தாள். துஷாந்தன் கோல் பண்ணுறன் என்று சைகை காட்டிவிட்டு அவர்களுக்குப் பின்னால் ஓடினான்.

கேற் மூடியது. இராஜேந்திரன் ஒவ்வொரு தரமும் போவதுபோல நடைச் சுவரை நோக்கிப் போனார். அவருடைய காலடி ஹீட்டிங் பட்டனுக்கு முன்னால் நின்றது சோபாவிலிருந்த கமலாம்பிகைக்குக் கேட்டது. அவள் கார்டிகனை எடுத்து ஒரு கையை உள்ளே விட்டாள்.

"பின்னேரம் ஆரும் வீடு பாக்க வருகினமோ?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"இல்லை. இண்டைக்கு இனி ஒருத்தரும் இல்லை."

பட்டன் அமுங்கும் சத்தம் கேட்கவில்லை. பிறகு அவர் வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரேடியேட்டர் டிக் டிக் என்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது. குனிந்து வலது காலுறையை இழுத்துக் கழற்றினார், பிறகு இடது. குளிர்காலத்தில், பகல் வெளிச்சத்தில், தன் வீட்டுக்குள் அவருடைய வெறுங்காலை அவள் இதுவரை கண்டதில்லை. வெளிறிப்போய், விரல்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. மேசையில் போன் அதிர்ந்தது. துஷாந்தனின் பெயர் மினுங்கியது. இருவரும் அதைப் பார்த்தார்கள், எடுக்கவில்லை. இராஜேந்திரன் கால்களைக் கம்பளத்தில் நீட்டி வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.