தம்புசாமி கேட்ட மாடு

"கையை எடுத்துறாத. தண்ணி உள்ள போயிரும்" என்றார் அய்யாவு.

விஜயன் எடுக்கவில்லை. அப்பாவின் கழுத்துக்குழிக்குச் சற்று மேலே இருந்த துளையை வலது உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இடது கையால் தலையைத் தாங்கியிருந்தான். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு தம்புசாமியைக் கிடத்தியிருந்தார்கள். மேரு ஊரில் வீடு வீடாகப் பால் ஊற்றியவர், முதலில் சைக்கிளில், பிறகு மோட்டார் சைக்கிளில். அந்த உடம்புக்குள் இத்தனை எலும்பு இருந்தது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழ்வரை தையல் கோடு. அதில் பாதி கடைசிவரை ஒட்டவேயில்லை.

துளையில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள். முதல் செம்புத் தண்ணீரிலேயே அது வெளியே வந்துவிட்டது. அதனால்தான் கை.

மேருவில் யார் செத்தாலும் அய்யாவுதான் முன்னால் நின்று எல்லாம் செய்வார். அவருக்கே இது புதிது. அரப்பைத் தேய்த்துக்கொண்டே குனிந்து பார்த்தார்.

"எத்தனையோ சாவு பாத்துட்டேன், தொண்டையில ஓட்டையோட இதான் மொதல் தடவை. ஏன்டா விஜயா, வாய்க்கரிசி வாயிலதான போடணும்? மூச்சு எல்லாம் இது வழியாத்தான போச்சு?"

"வாயிலதான் மாமா."

"கேட்டு வச்சுக்கிறது நல்லது பாரு. பின்னால யாரும் நம்மளச் சொல்லக்கூடாது."

கிண்டல் இல்லை. அய்யாவு நிஜமாகவே சந்தேகப்பட்டுத்தான் கேட்டார்.

இருதயத்தில் ஒரு வால்வு பழுது. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து மாற்றினார்கள். ஆப்பரேஷன் நன்றாக நடந்தது என்றார்கள், அது உண்மையும்கூட. மூச்சுதான் சொந்தமாக வரவில்லை. மெஷினை நிறுத்திப் பார்ப்பார்கள், உதடு கறுக்கும், திரும்பவும் மாட்டுவார்கள். இப்படியே நாள் போனபிறகு, சீன டாக்டர் விஜயனை வராந்தாவுக்குக் கூப்பிட்டு மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். வாயில் குழாயை ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, தொண்டையில் சின்னதாகத் திறந்து அங்கே வைத்தால் அவருக்கும் சுகம், மெஷினை விட்டுப் பழக்குவதும் சுலபம். இப்படிச் செய்தவர்களில் பாதிக்கு மேல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். குழாயை எடுத்து ஒரு பிளாஸ்டர் ஒட்டினால் துளை தானாக மூடிக்கொள்ளும்.

மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று விஜயன் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

துளை போட்டபின் தம்புசாமி தேறத்தான் செய்தார். பகலில் மெஷின் இல்லாமல் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கஞ்சி குடித்தார், உப்பு இல்லை என்று முகத்தைச் சுளித்தார். குரல் மட்டும் இல்லை. காற்று குரலுக்குப் போய்ச் சேரும் முன்னாலேயே துளை வழியாக வெளியே போய்விடுகிறது என்று தமிழ் பேசுகிற நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி விளக்கினாள். எழுதிக் காட்டச் சொல்லி ஒரு சிலேட்டும் கொடுத்தாள். தம்புசாமிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்குமேல் ஓர் எழுத்துத் தெரியாது. படம் போட்ட அட்டை ஒன்று வந்தது. கோப்பை, தலையணை, கக்கூசு, ஊசி. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டார். எனவே உதடுதான். அவர் உதட்டை அசைப்பார், மற்றவர்கள் உற்றுப் பார்த்து அர்த்தம் கண்டுபிடிப்பார்கள்.

அப்படிக் கண்டுபிடித்த சொல்தான் மாடு.

மேரு தொழிற்பேட்டையில் லோரி ஓட்டிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் விஜயன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வான். அவன் வந்து கட்டிலருகே நின்றதும் அப்பாவின் உதடுகள் சேரும், பிரியும். மாடு. தெளிவாகத் தெரிந்தது. அம்மா இராஜம்மாவும் பார்த்துவிட்டு, "மாட்டக் கேக்கிறாருடா" என்றாள்.

வீட்டில் மாடுகள் இல்லை. ஆப்பரேஷன் முடிந்த சில நாட்களிலேயே விஜயன் நாலு உருப்படிகளையும் சுங்கை பூலோவில் இருக்கும் வேலாயுதத்துக்கு விற்றுவிட்டான். லோரியும் ஓட்டி, கோலாலம்பூருக்கும் ஓடி, விடியலில் பாலும் கறக்க ஓர் ஆளால் முடியாது. புல் அறுக்க ஆள் கிடைக்கவில்லை. மாடு ராத்திரியெல்லாம் கத்தியது. விற்றதில் தப்பில்லை, யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் நெஞ்சைக் கிழித்துப் படுத்திருக்கும் மனிதனிடம் அதை எப்படிச் சொல்வது?

"மாடு நல்லா இருக்குப்பா" என்றான். "செவல நேத்துகூட நல்லா கறந்துச்சு."

அப்பா இல்லை என்பது போலத் தலையை ஆட்டினார். மறுபடியும் அதே சொல். விஜயன் இன்னொரு மாட்டைப் பற்றிச் சொன்னான். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தினமும் இதே கூத்து. தினமும் ஒரு பொய் கூடியது. கறுப்பிக்குக் காலில் முள், எடுத்துவிட்டோம். தவிட்டு விலை ஏறிவிட்டது. ஒருநாள், வேறு எதுவும் வாயில் வராமல், செவலை கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை என்று சொல்லிவைத்தான். அப்பாவுக்கு அந்தக் குழாய் வழியே ஒரு இருமல் வந்தது பாருங்கள், மிஸ்ஸி ஓடிவந்து சளியை உறிஞ்ச வேண்டியதாகிவிட்டது. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, கோபத்தில்தான் இப்படி இருமுகிறார் என்று விஜயன் முடிவு கட்டிவிட்டான். அதற்கப்புறம் அவரை நேராகப் பார்க்கவே கூசியது. கால்மாட்டில் நின்று போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிடுவான்.

துளையை விரலால் மூடிப் பேசப் பழகலாம், அடுத்த வாரம் சொல்லித்தருகிறேன் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தாள். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. நெஞ்சுத் தையலில் சீழ். மறுபடியும் மெஷின். தொண்டைத் துளை பக்கத்தில் இருந்ததால் கிருமி இறங்கியதா, இல்லை வேறு காரணமா, சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். நேர்மையான மனிதர், தெரியாததைத் தெரியாது என்றார். அன்று காலை வெளிச்சம் வரும்போது தம்புசாமி போய்விட்டார்.

அப்பாவிடம் கடைசிவரை பொய் சொன்னேன், அவர் அது தெரிந்து, என்னை வெறுத்துப் போய்ச் செத்தார். குளிப்பாட்டும்போது விஜயனின் மனசில் இது ஒன்றுதான் ஓடியது. அழுகை வரவில்லை. அழ உரிமை இல்லாதவன் மாதிரி இருந்தது.

முன்வாசலில் தப்பு அடிப்பவர்கள் வந்து அடிக்கத் தொடங்கினார்கள். பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்கவில்லை. அக்கா இந்திராணி அடுப்படி வாசலில் நின்று விஜயனைப் பார்த்து வாயசைத்தாள். 'மாலை எடுக்கவா' என்கிறாள். மாலை இப்போது எதற்கு? வேட்டி கட்டி, உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தபிறகு அல்லவா மாலை. இப்போது வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் மறுபடி கேட்டாள். மறுபடியும் ஆட்டினான். அய்யாவு செம்பைக் கீழே வைத்துவிட்டு யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்தார். இந்திராணி பொறுமை இழந்து, கையில் மூடிய பாத்திரத்தோடு நேரே வந்து அவன் காதில் கத்தினாள்.

"பாலை எடுக்கவான்னு கேட்டா வேணாம்னு தலைய ஆட்டிக்கிட்டே இருக்க. கடைசியா பால் ஊத்தணும்ல?"

"மாலைன்னு நெனச்சேன் கா."

"மாலையா? நான் எங்க மாலைன்னேன்? பாலைன்னேன்."

அவர்கள் குடும்பத்தில் அது வழக்கம், மாடு வைத்திருப்பவனைக் குளிப்பாட்டி முடித்தால் கடைசியாக ஒரு செம்பு பால். பால்காரர் வீட்டுக்கு அன்று பால் கடையிலிருந்து பொட்டலத்தில் வந்திருந்தது. அய்யாவு பாத்திரத்தை வாங்கித் தலையிலிருந்து ஊற்றினார். விஜயனின் விரல்களுக்கு மேலாகப் பால் வழிந்தது. அவன் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, சத்தம் இல்லாம மாடுன்னு சொல்லு" என்று அவனும் கத்தினான்.

"என்னடா?"

"சொல்லேன்."

சொன்னாள். உதடு சேர்ந்து பிரிந்தது.

"இப்ப பாடுன்னு சொல்லு."

அதையும் சொன்னாள். உதடு சேர்ந்து பிரிந்தது. அவள் தம்பியைக் கவலையோடு பார்த்தாள். இவனுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பாள், பாவம்.

பாடு. பள்ளிக்கூடப் பையனாக இருந்ததிலிருந்து, பொழுது சாயும் கறவைக்கு விஜயன் ஒரு மாட்டிலும் அப்பா அடுத்த மாட்டிலும் உட்காருவார்கள். விஜயன் சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டே கறப்பான். நன்றாக இருக்கிறது என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஏதோ யோசனையில் அவன் பேசாமல் இருந்தால், மாட்டு வயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சொல் வரும். வாளியை இந்தப் பக்கம் தள்ளு என்பது போல வரும். பாடு. அது ஒரு பேச்சாகவே விஜயனுக்குத் தோன்றியதில்லை. லோரி வேலைக்குப் போனபின்னும் அந்தக் கறவை நிற்கவில்லை. மாடுகள் போனதோடுதான் பாட்டும் போயிற்று, அதை அவனே கவனிக்கவில்லை.

கட்டிலில் அப்பா கேட்டதும் அதுதான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? முடியாது. அதுதான் அவனை வாட்டியது. வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி பூசி, துளையின் மேல் புதுப் பஞ்சு வைத்து ஒரு துண்டால் சுற்றி, அப்பாவை நடுக்கூடத்தில் கிடத்தினார்கள். தப்பு அடித்தவர்கள் கோப்பி குடிக்கப் போனார்கள். விஜயன் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அம்மா, அப்பா உங்கிட்ட மாடு கேட்டாரா?"

"எங்கிட்ட எதுக்குக் கேக்கிறாரு? தண்ணி கேப்பாரு, முதுகத் தேச்சுவிடச் சொல்வாரு. உன்னக் கண்டாத்தான் அது." இராஜம்மா கணவரின் வேட்டி மடிப்பை நீவிவிட்டாள். "வித்தது அவருக்குத் தெரியும்டா. மொதல்லயே நான் சொல்லிட்டேன்."

"என்னம்மா சொல்ற?"

"சரிதான்னு தலைய ஆட்டினாரு. ஒத்த ஆளா என்ன செய்வான்னு நான் சொன்னேன், அதுக்கும் ஆட்டினாரு. அதுக்கப்புறமும் உங்கிட்ட மாடு மாடுன்னா, சும்மா பேச்சுக்குக் கேக்கிறாருன்னு விட்டுட்டேன்."

"அப்புறம் ஏம்மா எங்கிட்டச் சொல்லல? நான் பாட்டுக்குப் பொய்யா அளந்துக்கிட்டு இருந்தேனே."

"நீ ஆசையா சொல்லிக்கிட்டு இருந்த. சொன்னா உனக்குச் சங்கடமா இருக்கும்லா." அவள் முகத்தில் சிரிப்பு போல ஒன்று வந்து போயிற்று. "கன்னுக்குட்டி பொறந்துச்சுன்னு சொன்ன பாரு, அன்னைக்கு அவருக்குச் சிரிப்பு தாங்கல. அதான் அந்த இருமல்."

அப்பாவுக்குக் கோபமே இல்லை. அந்த நிம்மதியில் ஒரு மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. விற்ற மாட்டை யாரும் கேட்க மாட்டார்கள். தினமும் அவர் கேட்டது, அவனால் அங்கேயே, அந்தக் கட்டிலருகிலேயே கொடுத்திருக்க முடிந்த ஒன்று. கண்ணில் நீர் தானாக இறங்கியது. இராஜம்மா அதைப் பார்த்துவிட்டு, காரணம் கேட்காமல் முந்தானையைக் கொடுத்தாள்.

வெளியே வேன் வந்துவிட்டது. அய்யாவு கூடத்துக்குள் வந்து எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"கோயில்ல பாடுறவரு கேரி தீவுல ஒரு சாவுக்குப் போயிட்டாராம். தேவாரம் தெரிஞ்சவங்க யாராச்சும் ரெண்டு வரி பாடுங்கலா. சும்மா தூக்கக்கூடாது."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை. தெரிந்த ஓரிருவருக்கும் கூச்சம். விஜயனுக்குத் தேவாரம் ஒரு வரிகூடத் தெரியாது. அவன் எழுந்துபோய் அப்பாவின் தலைமாட்டில் இடது பக்கமாகக் குந்தி உட்கார்ந்து, பழைய சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்தான். நிலாவையும் பெண்ணையும் பற்றிய பாட்டு, இரண்டு பேர் பாட வேண்டியது. சாவு வீட்டில் பாடக்கூடிய பாட்டே இல்லை. குரல் கரகரத்து, உள்ளேயே சிக்கி, முணுமுணுப்பாகத்தான் வந்தது. இந்திராணி தலையைக் குனிந்துகொண்டாள். அய்யாவு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"சத்தமா பாடுடா" என்றாள் இராஜம்மா. "அவருக்கு அந்தக் காது கொஞ்சம் மந்தம்."

விஜயன் நிறுத்தினான். எழுந்து, சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனான். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். குந்தி உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தான்.