கண்ணில் இறங்கிய மூட்டம்

“குடிகாரன்னா பாத்த ஒடனே தெரியணும் எழில். நீங்க வரைஞ்சது பேங்க்ல வேலை பாக்கறவர் மாதிரி இருக்கு.”

“குடிக்கிறவங்க எல்லாரையும் போலத்தான் சார் இருப்பாங்க.”

“அது நமக்குத் தெரியும். வீடியோ பாக்கறவங்க மூணு செகண்டுல தள்ளிட்டுப் போயிடுவாங்க. தெரிஞ்சவங்க யாரையாவது மனசுல வெச்சு வரைங்க.”

சென்னையிலிருக்கும் செய்திச் சேனலின் எடிட்டர் சரத்குமாரும், அதற்கு வீட்டிலிருந்தே அனிமேஷன் படம் வரைந்து தரும் எழில்மதியும் போனில் இப்படிப் பேசி இரண்டு வருடம் ஆகிறது. அன்றே அவள் வரைந்து அனுப்பினாள். இறங்கிய வலது தோள், கழுத்தில் கட்டம் போட்ட துண்டு, இடது காலைச் சற்றே இழுக்கும் நடை. யாரை நினைத்து வரைந்தாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அது அவள் அப்பா சடையன்.

ஒரு உருவத்தைக் கைகால் மூட்டுகளோடு ஒருமுறை செய்துவிட்டால் போதும், பிறகு எத்தனை வீடியோவிலும் நடக்க வைக்கலாம், விழ வைக்கலாம். கள்ளச்சாராயம் பற்றிய ஒவ்வொரு விளக்க வீடியோவிலும் அந்த உருவம் குடித்தது. வயிற்றில் சிவப்பு பரவியது. கண் இருண்டது. கீழே விழுந்தது. இதுவரை பதினோரு முறை அவள் அதைச் சாகடித்திருந்தாள்.

கருணாபுரத்தில் அவர்கள் வீட்டுக்கு ஒரே அறை. அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர். அதை வாங்கித் தர, சடையன் மண்டியில் இரண்டு ஆள் மூட்டையை ஒருவராகத் தூக்கினார். அடித்தது இல்லை, திட்டியது இல்லை. குடித்துவிட்டு வந்தால் பேசாமல் படுத்துக்கொள்வார். “உங்கப்பாவுக்கு ஒடம்பு வலி” என்பாள் அம்மா அம்சவள்ளி. அந்த வீட்டில் குடிக்கு அதுதான் பெயர். கள்ளச்சாராயம் குடித்துப் பலர் செத்து, தெருவில் வீட்டுக்கு வீடு பந்தல் போட்டு அழுத அந்த ஜூன் மாதத்திலும் பெயர் மாறவில்லை. பார்க்கிற லட்சம் பேருக்கு விளக்கத் தெரிந்த எழில்மதிக்கு, நாலடி தள்ளிச் சோறு தின்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க நா எழவில்லை. தனக்காக முதுகு ஒடித்தவரை எந்த வாயால் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் பன்னிரண்டாவது வீடியோவைச் செய்துகொண்டிருந்தபோது, சடையன் பின்னால் வந்து நின்றார்.

“இன்னா பாப்பா, போன்ல என்னைய சாவடிச்சிக்கினு இருக்கியாமே? டீக்கடையில கொளஞ்சியப்பன் காட்டறான். ‘சடையா, நீ செத்துட்டடா, டீ யாரு கணக்குல?’ன்றான்.”

எழில்மதி ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினாள். அவர் சிரித்தார்.

“நடை அப்பிடியே என்னுதுதான். தொப்பைதான் கம்மியா போட்டுட்ட.” மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். “ஆனா கண்ணு தப்பு பாப்பா. கருப்பா மூடாது. வெள்ளையா எறங்கும். மரவள்ளி லோடு ஏத்த கரியாலூர் மலைக்குப் போவமே, மார்கழில காலைல மூட்டம் எறங்குமே, அந்தமாரி. ஆளு நின்னா துணி தொங்கறமாரி தெரியும்.”

“ஒனக்கு எப்படிப்பா தெரியும்?”

“இப்ப தெரியுதே. காலைலேர்ந்து.”

அடுத்த நிமிடம் அவள் ஆட்டோவுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மணிமொழி, “என்ன செய்யுது இவருக்கு?” என்று கேட்டார்.

“ஒடம்பு வலிங்க டாக்டரு” என்றாள் அம்சவள்ளி முந்திக்கொண்டு. “வெயில்ல மூட்டை தூக்கினாரு. கண்ணு கட்டுதாம்.”

டாக்டர் சீட்டில் எழுதத் தொடங்கினார்.

“வலி இல்ல டாக்டர். சாராயம்” என்றாள் எழில்மதி. அம்மா அவள் கையைக் கிள்ளினாள். அவள் அப்பாவிடம் திரும்பினாள். “எப்ப குடிச்ச? சொல்லுப்பா.”

“நேத்து சாயங்காலம்” என்றார் சடையன் தலையைத் தொங்கப்போட்டு. “மண்டில கூட மூட்டை தூக்கற சுப்புராயன் ரெண்டு பாக்கெட்டு கொண்டாந்தான்.”

“அவர் எங்க இப்போ?” டாக்டர் எழுந்துவிட்டார்.

“வூட்ல படுத்துக்கினு இருப்பான்.”

சுப்புராயன் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் போனது. தூங்கித் தெளியட்டும் என்று மனைவி இருசம்மாள் காலையிலிருந்து கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். யார் கேட்டாலும் காய்ச்சல் என்று சொன்னாளாம். கதவைத் திறந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

சேதி வந்ததும் அம்சவள்ளி வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் அவள் அருகில் நின்று சொன்னார்: “அவமானம்னு மூடி வெக்கிறதாலதாம்மா பாதிப் பேரு சாவறாங்க. குடிக்கறாருன்னா குடிக்கறாருன்னு சொல்லுங்க. வீட்ல பேசுங்க, விடச் சொல்லுங்க. எங்ககிட்ட வந்தா மறைக்காதீங்க. உங்க பொண்ணு வாயத் திறக்கலன்னா, நான் வலி மாத்திரை குடுத்து அனுப்பியிருப்பேன்.”

மூன்றாம் நாள் சடையனுக்கு உயிர் தங்கிவிட்டது என்றார்கள். பார்வை திரும்புமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. எழில்மதி கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் சத்தம் வந்த பக்கம் பார்க்காமல், வெளிச்சம் வந்த ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“யாரு, அம்சாவா?”

“நான்தான்ப்பா.”

“மண்டிக்கு எப்ப போலாம்னு கேளு பாப்பா. மேஸ்திரி வேற ஆளு போட்டுறப் போறான்.”

அவள் அவருடைய காய்ப்புக் காய்த்த கையைப் பிடித்தாள். பதினைந்து வயதிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள்.

“குடிக்காதப்பா. இனிமே ஒரு சொட்டுகூட குடிக்காத.”