பின்கோட்டுக்கு மேலே நின்ற பந்து

1909ஆம் வருஷம் ஈஸ்டர் சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு ஹெஸ்டர் ட்ரெவேனா தூக்கியடித்த பந்து கீழே இறங்க இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. அந்த வருஷம் கோதுமை நல்ல விளைச்சல்.

எங்கள் கூலபின் ஊர் கிளப்பில், கறையான் புற்றை இடித்துப் பரப்பிய டென்னிஸ் களத்தில், பெண்கள் இறுதி ஆட்டத்தின் கடைசிப் புள்ளி அது. பந்து எதிராளி பக்கத்துப் பின்கோட்டுக்கு, அதாவது களத்தின் கடைசி எல்லைக்கோட்டுக்கு, நேர் மேலே, யூகலிப்டஸ் உச்சி உயரத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். எங்களுக்கு நடுவர் கிடையாது. பந்து உள்ளேயா வெளியேயா என்று எதிராளிதான் சொல்ல வேண்டும். எதிராளி ஐவி, கிளப் தலைவர் பாட்ரிட்ஜின் மனைவி. அண்ணாந்து பார்த்தாள். "விழுந்தாத்தானே சொல்ல முடியும்?" என்றாள். கமிட்டியின் ஆறு மீசைகளும் கூடி முடிவெடுத்தன: பந்து விழும்வரை வெற்றி இல்லை, வெற்றி இல்லாமல் சாம்பியன் பலகையில் பெயர் இல்லை. அதுவரை ஹெஸ்டர் வழக்கம்போல் எல்லோருக்கும் டீ ஊற்றலாம். பெண்களுக்கு அந்த உரிமையை மட்டும் எங்கள் கிளப் ஒருநாளும் மறுத்ததில்லை, பெரிய மனசு!

அந்தப் பலகையைச் செய்தவர் ஹெஸ்டரின் அப்பா, தச்சர். மகள் பெயரை அதில் பார்க்காமலே 1914இல் போய்ச் சேர்ந்தார். நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. கணுக்கால்வரை பாவாடையும் மூச்சு முட்டும் கச்சையுமாக அவள் மெல்போர்னில் நான்கு தடவை ஜெயித்தாள், கப்பலேறிப் போய் இங்கிலாந்திலும் ஜெயித்தாள். பத்திரிகைகள் அவள் தொப்பியைப் பற்றி விரிவாக எழுதின. ஒவ்வொரு முறை திரும்பியதும் ரயிலடியிலேயே கேட்பாள், "இறங்கிச்சா?"

"இல்லம்மா. டீக்குத் தண்ணி கொதிக்குது, சீக்கிரம் வா" என்போம் நாங்கள்.

பாட்ரிட்ஜ் சும்மா இருக்கவில்லை. பந்து விழுந்தால் வெளியே விழட்டும் என்று சுண்ணாம்புக் கோட்டை ஒரு அடி உள்ளே தள்ளிப் போட்டார். மறுநாள் பந்தும் ஒரு அடி உள்ளே வந்து நின்றது. இப்படி ஏழு தடவை. களம் சுருங்கி, ஆண்கள் அடித்ததெல்லாம் வெளியே போகத் தொடங்கியதும் கோடு பழைய இடத்துக்கே திரும்பியது. பந்தும்தான்.

1931இல், அப்போதும் பாட்ரிட்ஜே தலைவர், ஹெஸ்டர் டீ ஊற்றிக்கொண்டிருந்த சனிக்கிழமை, பந்து விழுந்தது. சுண்ணாம்பு பறந்தது. எல்லோரும் ஐவியைப் பார்த்தார்கள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு, வெளியேதானே?" என்றார் பாட்ரிட்ஜ்.

"உள்ளேதாங்க. கோட்டுல பட்டுச் சுண்ணாம்பு பறந்தது கண்ணுக்குத் தெரியலையா?" ஐவி ஹெஸ்டர் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கே தெரியும்டி. விழுந்தா தோத்துருவேனேன்னு, மேலேயே இரு, மேலேயே இருன்னு தினம் வேண்டிக்கிட்டேன். இனிமே முடியலடி, அலுத்துப்போச்சு."

"பாவி, ஒரு அஞ்சு வருஷத்துல அலுத்திருக்கக் கூடாதா? எங்கப்பா பார்த்திருப்பாரே!" ஹெஸ்டர் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ கெட்டிலைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பலகையில் 1909க்கு நேரே பெயர் ஏறியது. பந்து பழசாகிவிட்டதால் புதிது வாங்கக் கமிட்டி தீர்மானித்தது. தலைவர் ஊற்றிய டீ ஆறிப்போயிருந்தது. ஹெஸ்டர் இன்னொரு கப் கேட்டாள்.