ஸுஹைருடைய முழம்

மாசி பிறந்து கடல் அடங்கத் தொடங்கிய நாளொன்றில், கற்பிட்டியிலிருந்து திரும்பிய ஸெய்னுதீன் கிண்ணியாவில் ரபீக்காவின் வாசலுக்கு வந்து சேதி சொன்னான். அவளுடைய புருசன் ஸுஹைர் இன்னும் மூன்று கிழமையில் வந்துவிடுவானாம். வள்ளத்தின் பழைய பாய் இற்றுப்போனதால், புதுப் பாய்க்குத் துணி எடுத்துத் தைத்து வைக்கட்டாம். பன்னிரண்டு முழத்தில் ஆறு துண்டு.

"ஆருட முழம்?" என்று ரபீக்கா கேட்டாள்.

"அவன்ட பாய். அவன்ட முழந்தானே."

வாடைக் காற்றில் கொட்டியாரக் குடா கொந்தளிக்கும் மாதங்களில் ஸுஹைர் மேற்குக் கடலுக்கு, கற்பிட்டிப் பக்கம், கூலித் தொழிலுக்குப் போய்விடுவான். கலியாணம் முடித்து ஒன்பது வருசம். ஒன்பது வாடையும் அவள் தனியே இருந்துதான் கழித்தாள்.

அடுத்த நாள் காலை லோஞ்சுப் படகில் ஏறித் திருகோணமலைக்குப் போனாள். கடலில் ஒரு சுருக்கம் இல்லை. விரித்துப் போட்ட துணி போலத்தான் கிடந்தது. அவள் ஓரத்தில் இருந்து, தன் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தாள். அவனுடைய கை இதைவிட நீளம். எவ்வளவு நீளம் என்று இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

கடைகளில் கெசமளக்கும் யார்க் கோலை எடுத்துவிட்டு மீற்றர்க் கோல் வைத்த வருசம் அது. துணிக்கடையில் நின்ற புஸ்பராணி என்ற பிள்ளை, பெட்டகத்துக்குப் பின்னாலிருந்து புதுக்கோலை எடுத்தாள்.

"முழம் எண்டா அரை யார், அக்கா. நாப்பத்தாறு சென்ரிமீற்றர் எண்டு கணக்குப் பாக்கலாம்."

"அது கடை முழம், தங்கச்சி. எனக்கு அவருட முழம் வேணும். வள்ளத்துக்குப் பாய்."

"அவரைக் கூட்டிக்கொண்டு வர ஏலாதோ?"

"அவர் கற்பிட்டியில."

புஸ்பராணி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப உங்கட கையை வையுங்கோ. அதிலயிருந்து பாப்பம்."

கோல் குளிர்ந்திருந்தது. நாற்பத்துமூன்று. ரபீக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மத்தியானத் தூக்கத்தில் ஸுஹைர் கையை நீட்டிக் கிடப்பான். பக்கத்தில் அவளும் கையை நீட்டுவாள். முழங்கையோடு முழங்கை சேர்ந்திருக்க, அவளுடைய விரல் நுனி அவனுடைய விரல்களின் நடுக்கணுவிலேயே நின்றுவிடும். மிச்சம் எவ்வளவு? கண்ணைத் திறக்காமலே மற்றக் கையின் நாலு விரலையும் சேர்த்து நுனியில் வைத்தாள்.

"இவ்வளவு."

"ஆறு," என்றாள் புஸ்பராணி மெதுவாக, யாரோ தூங்குவதைக் கலைக்காத குரலில். கடதாசியில் பெருக்கிப் பார்த்தாள். "நாப்பத்தொன்பதுப்படி பன்னிரண்டு முழம். அஞ்சு மீற்றர் எண்பத்தெட்டு. அப்படி ஆறு துண்டு."

வீட்டில் ரபீக்கா பாய்த்துணியை விறாந்தையிலிருந்து குசினி வரைக்கும் விரித்து, தடித்த ஊசியால் துண்டோடு துண்டு சேர்த்துத் தைத்தாள். வெயில் ஏறும் நேரங்களில் அதன் மேலேயே சாய்ந்துவிடுவாள். கண் சொருகும். கனவில் ஒரு கை துணியின் ஒரு முனையிலிருந்து தவழ்ந்து தவழ்ந்து அவளை நோக்கி வரும், அலை வருவது போல, அவசரமில்லாமல். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் எண்ணுவாள். பன்னிரண்டு வருமுன்னே விழிப்பு வந்துவிடும்.

ஸுஹைர் சொன்ன கிழமையில் வந்தான். கறுத்து, தாடி நரைக்கத் தொடங்கியிருந்தான். குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்து அளந்தான். பதினொன்றரையில் துணி முடிந்தது.

"அரை முழம் குறையுது."

"குறையாது. ஒங்கட கையை எனக்குத் தெரியாதா?"

அவன் திரும்ப அளந்தான். ரபீக்கா கிட்டக் குந்திப் பார்த்தாள். விரல் நுனி முட்டிய இடத்தில் அவன் மற்றக் கையின் பெருவிரலைக் குறுக்கே வைத்தான். அந்தப் பெருவிரலையும் தாண்டித்தான் அடுத்த முழத்தைத் தொடங்கினான். ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு பெருவிரல்.

"இது என்ன?"

"துணி நனைஞ்சா சுருங்கும். அதுக்கு விடுறது. வள்ளக்காரன் எல்லாரும் விடுவாங்க."

அவள் அந்தப் பெருவிரலைத் தொட்டுப் பார்த்தாள். முகம் சூடாகிவிட்டது. ஒன்பது வருசமாக இந்தக் கையோடு இருக்கிறாள், அது துணி அளப்பதை ஒருநாளும் கண்டதில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் அடியில், இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு சந்தோசமும் இருந்தது.

"நான் கடைக்குப் போய் மிச்சத் துணியை வாங்கிட்டு வாறன்," என்றாள்.

"அவசரமில்ல. முதல்ல காத்துப் பிடிக்குதா பாப்பம். நீயும் வா."

கலியாணத்துக்குப் பிறகு அவள் அவனுடைய வள்ளத்தில் ஏறியதே இல்லை. பின்னேர வெயிலில் குடாவின் நடுவே பாய் புடைத்தது. அடி விளிம்பு வழக்கத்தைவிட மேலே நின்றதால், அந்த இடைவெளியில் துறைமுகத்து மலைகளும் நங்கூரமிட்ட இரண்டு கப்பல்களும் தெரிந்தன. முக்காட்டைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

"முழுப் பாய் எண்டா இதெல்லாம் மறைஞ்சிரும்," என்றான் ஸுஹைர் சுக்கானிலிருந்து.

"அப்ப ரெண்டு நாள் இப்பிடியே ஓடட்டும்."

"ஓம்," என்றான் அவன். அந்த ரெண்டு நாள் சித்திரை வரைக்கும் நீண்டது.