கோக்கோவின் பதம்

தாட்சாயணி டம்ளரைப் பழந்துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தாள். அதன் அடியில் பழுப்பாக, பசைபோல ஏதோ உறைந்திருந்தது. அவளுடைய நைனா முன்னறையில் பாயில் கிடந்தார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

நைனா செங்கல்வராயன் ரேணிகுண்டா ரயில் நிலையச் சாப்பாட்டு அறையில் முப்பது வருடம் சமையல்காரர். துரைகளுக்குக் கோக்கோ கலக்கிக் கொடுத்தவர். முதல் மனைவி செத்த மறுவருடமே பலமனேரிலிருந்து ரத்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து மகள் இந்த வீட்டில் கை நனைப்பதில்லை. இரண்டு மாதம் முன்பு அவருக்கு வாதம் அடித்தபோதும் கடிதம் போட்டதோடு சரி. நேற்றுதான் திருத்தணியிலிருந்து கிளம்பி, திருப்பதி மலைக்குப் போய்த் தீர்த்தம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வந்ததும் அவள் பார்த்தது ரத்னம்மா அடுப்படியில் கோக்கோ கிண்டுவதை. பொடியையும் சர்க்கரையையும் கொஞ்சம் சுடுபாலில் கட்டி தட்டாமல் குழைத்து, கொதிக்கிற பாலில் விட்டாள். பிறகு ஒரு காகிதப் பொட்டலத்திலிருந்து வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றினாள். கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தாள். கோடு மூடவில்லை.

“அது இன்னா மாவு?”

“பதத்துக்கு” என்றாள் ரத்னம்மா. டம்ளரில் ஊற்றி முன்னறைக்கு எடுத்துப் போனாள்.

விடிந்ததும் ரத்னம்மா பால் வாங்கப் போனாள். நைனா நாக்கை நீட்டினார். தாட்சாயணி அவர் தலையைத் தூக்கி, பச்சைக் கற்பூரம் மணக்கும் தீர்த்தத்தை ஒரு டம்ளர் நிறையப் புகட்டினாள். ஆவலாகக் குடித்தார். பிறகு இருமினார். இருமல் நிற்கவில்லை. முகம் நீலம் பாய்ந்தது. ரத்னம்மா திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

நீலம் என்றால் விஷம்தான். கடைசியில் தன் கையால் தீர்த்தமாவது இறங்கியதே என்று தாட்சாயணி நினைத்துக்கொண்டாள்.

வாசலில் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்த வரதராஜன் சித்தப்பாவிடம் போனாள்.

“பொணத்த எடுக்கக் கூடாது சித்தப்பா. போலீசுக்கு ஆளனுப்பு.”

“எந்தப் போலீசு? உங்க திருத்தணி இந்த மாசந்தான் ஆந்திராவ வுட்டு மெட்ராசுக்குப் போச்சி. அங்கேர்ந்து இட்டாரணுமா?”

“வெளயாடாத. அவ எதையோ கலந்து குட்த்துக்கினு இருந்தா. டம்ளர எடுத்து வெச்சிக்கிறேன்.”

“எங்க அண்ணங்கிட்ட இன்னா கீது, கலந்து குடுக்க? ரெண்டு வேட்டி, ஒரு கரண்டி.”

“இந்த வூடு?”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “கம்பவுண்டரு வந்துக்கினு இருக்காரு. அவராண்ட காட்டு. அவரு ஆமான்னா நானே போறேன்.”

நைனாவுக்கு வைத்தியம் பார்த்த கம்பவுண்டர் கோவர்த்தனன் சைக்கிளில் வந்தார். அவள் அரிசியைக் கிளறி டம்ளரை எடுத்துக் கொடுத்தாள். அவர் முகர்ந்தார். விரலால் வழித்து நாக்கில் வைத்தார்.

“ஐயோ, வாணாம்!”

“கோக்கோதாம்மா. ஆரோரூட்டு மாவு போட்டுக்கீது. பொட்டலம் குட்த்ததே நான்தான்.”

“இன்னாத்துக்கு?”

“வாதத்துல தொண்ட மரத்துப் பூடுச்சி. தண்ணியா எது குட்த்தாலும் மூச்சுக்கொழாய்ல பூந்து ஆளையே சாச்சிடும். கெட்டியா இருந்தாத்தான் நின்னு எறங்கும். கஞ்சிக்கு வாயத் தொறக்கல, கோக்கோன்னா தொறந்தாரு. ரெண்டு மாசமா அந்தம்மா ஒரு சொட்டுத் தண்ணி காட்டல. நாக்க நீட்டுனா ஈரத் துணியால தொடப்பாங்க, அவ்ளோதான்.” டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். “காலையில இன்னா குட்த்தீங்க?”

“ஒண்ணும் குடுக்கல” என்றாள் தாட்சாயணி.

“போலீசுக்குப் போவட்டா?” என்றார் சித்தப்பா.

“வாணாம்.”

உச்சி வெயிலுக்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் மகள் பால் ஊற்றட்டும் என்று யாரோ டம்ளரை அவள் கையில் திணித்தார்கள். அவள் சாய்த்தாள். பால் உள்ளே போகாமல் உதட்டோரம் வழிந்து, காதுக்குப் பின்னால் இறங்கியது.

தலைமாட்டில் இருந்த ரத்னம்மா முந்தானையால் துடைத்தாள். பால் படாத இடத்திலும் தலையணை ஈரமாக இருந்தது. அங்கே விரலை வைத்து அழுத்தினாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பச்சைக் கற்பூரம் மணத்தது. தாட்சாயணியை நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு ஒரு கையால் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு, தலையணையைத் திருப்பிப் போட்டாள்.